கைக்கு எட்டாத பேட்டரியை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: எங்களிடம் 2015 மாடல் டீசல் கார் இருக்கிறது. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும், எப்போதாவது மார்த்தாண்டத்துக்கும்தான் வண்டி எடுப்போம். பத்து நாளாகச் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி, வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டுக்கு அடியில் பாதி மறைந்திருக்கிறது. முன்னால் ஏர் ஃபில்டர் பெட்டி வேறு. ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி விலை போக, கழற்றி மாட்ட மட்டும் 1,200 ரூபாய் கேட்கிறார்கள். தம்பியை வைத்து நாங்களே மாற்றிக்கொள்ளலாமா? (ஒரு வாசகி, கருங்கல்)

பதில்: மாற்றலாம். ஆனால் பேட்டரி உண்மையிலேயே செத்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். உங்கள் வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். நிற்கும்போதும் அலாரமும் கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் கோவிலுக்குப் போய் வந்தால், ஸ்டார்ட் பண்ணச் செலவான கரண்டே முழுசாகத் திரும்ப ஏறாது. சார்ஜ் இறங்கிய பேட்டரியைச் செத்ததாக நினைத்து மாற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு மல்ட்டிமீட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு, காலையில் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. காலியாக இருந்தால் சார்ஜரில் ஓர் இரவு போட்டு, எடுத்துச் சில மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 12.6-இல் நின்று, வண்டியும் சுலபமாக ஸ்டார்ட் ஆனால் பணம் மிச்சம். சார்ஜ் போட்டும் மறுநாளே இறங்கிவிட்டாலோ, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தாலோ புதுசு வாங்க வேண்டியதுதான். இன்னொன்று, எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13 கூட வரவில்லை என்றால் கோளாறு, ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்நேட்டரில். அதைப் பார்க்காமல் புது பேட்டரி போட்டால் அதுவும் இறங்கிவிடும்.

வாங்கப் போகும்முன் பழைய பேட்டரி மேல் உள்ள எழுத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டின் 60, 38பி20எல் என்கிற மாதிரி இருக்கும். பின்னதில் 20 என்பது சென்டிமீட்டர் கணக்கில் நீளம், கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பது. அந்த ஓர் எழுத்து மாறினால் கேபிள் எட்டாது. தட்டுக்கு அடியில் நுழைகிற பேட்டரிக்கு உயரமும் முக்கியம். “ஆம்பியர் கொஞ்சம் கூடுதலா போடுங்க, நல்லது” என்று கடையில் உயரமானதைக் கொடுத்தால் உள்ளே போகாது. சிக்னலில் தானாக எஞ்சின் அணைகிற வண்டி என்றால், அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்குகிற இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிதான் போட வேண்டும். தயாரித்த மாதத்தையும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் அலமாரியில் இருந்ததை நான் வாங்க மாட்டேன்.

பல பேட்டரி கடைகள் வீட்டுக்கே வந்து இலவசமாக மாட்டித் தருகின்றன. கார் மாடலையும் பேட்டரி இருக்கும் இடத்தையும் முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். 1,200 ரூபாயை அநியாயம் என்றும் சொல்ல மாட்டேன். குனிந்து நின்று ஒன்றரை மணி நேரம் பார்க்கிற வேலை அது.

சரி, நீங்களே செய்வதானால் மழை இல்லாத காலையில் ஆரம்பியுங்கள். சாவி உங்கள் கையில் இருக்கட்டும், ஒரு கண்ணாடி இறங்கியே இருக்கட்டும். பேட்டரி இல்லாமல் பூட்டிக்கொண்டால் பெரிய தொல்லை. 10 நம்பர் சாக்கெட், ராட்சட், ஓர் அடி நீள எக்ஸ்டென்ஷன் வேண்டும். அந்த எக்ஸ்டென்ஷன் இல்லாமல் இந்த இடத்தில் கை வைக்காதீர்கள். அதன் தண்டு முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். கழற்றுகிற ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வையுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்ததும் திறந்து கிடக்கும் குழாய் வாயில் சுத்தமான துணியைச் செருகுங்கள், உள்ளே ஒரு நட்டு விழுந்தால் எஞ்சினுக்கே ஆபத்து. சிவப்புத் துணியாக இருந்தால் திரும்ப எடுக்க மறக்காது.

முதலில் மைனஸ் கேபிளைக் கழற்ற வேண்டும். வண்டியின் இரும்பு உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது ப்ளஸ்ஸில் ஸ்பேனர் வைத்து, அதன் மறுமுனை பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். பல வருடம் முன்பு நான் அவசரத்தில் ப்ளஸ்ஸில் கை வைத்தேன். ஒரு நொடிதான், நீலமாக ஒரு வெளிச்சம். அந்த 10 நம்பர் ஸ்பேனர் இன்னும் என்னிடம் இருக்கிறது, நுனியில் உருகி அரிசி அளவுக்கு ஒரு பள்ளம். விரல் அங்கே இருந்திருந்தால் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. தம்பி மோதிரம், வாட்ச் போட்டிருந்தால் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

மைனஸ், அப்புறம் ப்ளஸ், அப்புறம் அடியில் பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப். கிளாம்ப் நட்டு கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டீசல் வண்டி பேட்டரி 15 கிலோ அளவுக்கு இருக்கும், உள்ளே இருப்பது ஆசிட். சாய்க்காமல் இரண்டு பேராகத் தூக்குங்கள். புதியதை வைத்ததும் கிளாம்பை இறுக்க மறக்காதீர்கள். நம் ஊர்ச் சாலைக் குண்டுகுழியில் ஆடுகிற பேட்டரி சீக்கிரம் போய்விடும். மாட்டும்போது வரிசை தலைகீழ், ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கடிகாரம் மாறியிருக்கும், சில வண்டிகளில் ரேடியோ கோட் கேட்கும். கண்ணாடி தானாக ஏறி இறங்குவதைத் திரும்பப் பழக்க வேண்டியும் வரலாம்.

கேள்வி: பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக்கொண்டே இருக்கிறது. கடல் காற்றுதான் காரணமா? (ஒரு வாசகர், குளச்சல்)

பதில்: கடல் காற்றுக்கும் பங்கு உண்டு. பேட்டரியிலிருந்து கசிகிற ஆசிட் ஆவிக்குப் பங்கு அதிகம். கேபிளைக் கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள், நுரைத்து அடங்கும். கண்ணில் தெறிக்காமலும், பேட்டரியின் மூடித் துளைக்குள் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகத் துடைத்துக் காய்ந்ததும் கேபிளை மாட்டி இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். ஒரே மாதத்தில் திரும்பப் பூத்தால் ஆல்டர்நேட்டர் அதிகமாக சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: 14 மாதம் முன்பு வாங்கிய பேட்டரி போய்விட்டது. ‘24+24’ வாரன்டி என்றுதான் கொடுத்தார்கள். அன்று கேட்டும் பில் தரவில்லை, கார்டில் தேதியும் எழுதவில்லை. இப்போது பில் இல்லாமல் மாற்ற முடியாது என்கிறார் கடைக்காரர். (ஒரு வாசகர், தக்கலை)

பதில்: முதல் 24 மாதத்துக்குள் போனால் புதியது இலவசம், அடுத்த 24 மாதத்தில் போனால் விலையில் தள்ளுபடி என்பதுதான் அதற்கு அர்த்தம். உங்களுக்கு இலவசக் காலம் இன்னும் முடியவில்லை. யுபிஐயில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவை எடுங்கள். பேட்டரியின் சீரியல் நம்பரைச் சொல்லி கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் நேரடியாகப் புகார் கொடுங்கள். விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அதைக் கடைக்காரரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

அடுத்த முறை வாங்கும்போது பழைய பேட்டரிக்குக் கழித்த தொகையையும் பில்லில் தனியாக எழுதச் சொல்லுங்கள். கார் பேட்டரிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதுவும் பில்லில் சரியாக இருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும்முன் பார்த்துவிடுங்கள்.