கைவிட்டுப் போன போனுக்கும் தவணையா?

கேள்வி: என் போனை 24 மாதத் தவணையில் வாங்கினேன். 16 மாதம் கட்டிவிட்டேன். 8 மாதம் பாக்கி. மாலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. புதிதாக வந்திருக்கும் மாடலின் விலை சென்ற ஆண்டு மாடலைவிட 40 சதவீதம் கூடுதல். வட்டியில்லாத் தவணையில் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். இப்போதுள்ள போனைத் தம்பி கேட்கிறான். முந்தைய போனும் தவணை முடியும் முன்பே அவனிடம்தான் போனது. கூடுதல் விலைக்குப் புது மாடல் தகுமா?

பதில்: எந்த மாடல் என்பதைப் பிறகு பார்க்கலாம். கடன் தீராத பொருளைக் கைமாற்றிவிட்டு அடுத்த கடனைத் தொடங்குகிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது.

சென்ற ஆண்டு மாடலின் விலை 100 என்றால் புதியது 140. இரண்டையும் நான்கு ஆண்டுகள் வைத்திருந்து, கடைசியில் விற்கவே முடியாமல் போனாலும், ஆண்டுச் செலவு முறையே 25, 35. வித்தியாசம் வெறும் 10. இப்போதுள்ள போனின் விலையை 120 என்று கொள்வோம். மாதத் தவணை 5. இதை இன்று தம்பிக்குக் கொடுத்தால், 16 மாதம் பயன்படுத்தியதற்கு முழு 120ஐயும் செலவிட்டவர் ஆகிறீர்கள். ஆண்டுக்கு 90! அடுத்த 8 மாதம் பழைய தவணை 5, புதுத் தவணை ஏறத்தாழ 6, இரண்டும் சேர்ந்து மாதம் 11 போகும்.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். மொத்தமாகப் பணம் கொடுத்தால் என்ன விலை, தவணைக்குச் சேவைக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். கிடைக்காமல் போகும் தள்ளுபடியும் அந்தக் கட்டணமும்தான் பல இடங்களில் நீங்கள் கட்டும் வட்டி.

பேட்டரிக்காகப் போனையே மாற்ற வேண்டாம். பல போன்களில் சுமார் 500 முழு சார்ஜுக்குப் பிறகு பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தினமும் சார்ஜ் செய்தால் 16 மாதத்தில் அந்தக் கட்டம் வந்துவிடும். புதுப் பேட்டரி போடும் செலவு புதுப் போன் விலையில் சிறு பங்குதான்.

புது மாடலில் வரும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வசதிகளுக்காக 40 கூடுதலாகக் கொடுப்பதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. சாம்சங் 2024 ஜனவரியில் எஸ்24 போனுடன் கொண்டுவந்த ஏஐ வசதிகளில் பெரும்பாலானவை, மார்ச் இறுதியிலேயே முந்தைய ஆண்டின் எஸ்23க்கும் மென்பொருளாக வந்துசேர்ந்தன.

புது மாடலுக்குச் சாதகமாக நான் ஏற்கும் வாதம் ஒன்றே: பாதுகாப்பு அப்டேட், அதாவது மென்பொருளின் ஓட்டைகளை அடைக்க நிறுவனம் அனுப்பும் திருத்தங்கள். அதன் காலம் பொதுவாக மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணப்படும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கூகுள் பிக்சல் 8, எஸ்24 போன்றவற்றுக்கு ஏழு ஆண்டு உறுதி உண்டு. அவற்றில் ஓராண்டு கழிந்தாலும் ஆறு ஆண்டு மிச்சம். மூன்றாண்டு மட்டுமே தரும் போன் என்றால் அந்த ஓராண்டு பெரிய இழப்பு. அங்கே புது மாடலைப் பார்க்கலாம்.

தம்பியிடம் இன்றே பேசிவிடுங்கள். போன் வேண்டுமென்றால் மீதி 8 தவணையையும் அவர் ஏற்கட்டும்; மறுத்தால் போன் உங்களிடமே இருக்கட்டும். அப்படி இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள், கடனை முடியுங்கள். அதன் பிறகும் அதே 5ஐ மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். 20 மாதத்தில் 100 சேரும். அப்போதைய ‘சென்ற ஆண்டு மாடலை’ ரொக்கத்துக்குத் தள்ளுபடி கேட்டு வாங்குங்கள்.