உழவர் கேள்வி: முதலில் மனு, அப்புறம் குழாய்

கேள்வி: ஐயா, எங்களுக்கு 4 ஏக்கர் புஞ்சை, கிணற்றுப் பாசனம். அண்ணன், நான், தம்பி மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா. வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டு என் பங்கில் தக்காளியும் மிளகாயும் போடுகிறேன். சொட்டுநீருக்கு 100 சதவீதம் மானியம் என்கிறார்கள். ஒரு கடைக்காரர், "முன்பணம் கொடுங்க, இப்பவே குழாய் போட்டுடலாம், மானியம் வந்ததும் அதை எடுத்துக்கலாம்" என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: கொடுக்காதீர்கள். போட்டு முடித்த குழாய்க்கு மானியம் கிடையாது. முதலில் மனு, அப்புறம் நிலத்தைப் பார்த்து வரைபடமும் விலைப்புள்ளியும் தயாராகும், அதற்குப் பிறகு பணி ஆணை. அந்த ஆணை கைக்கு வந்த பிறகுதான் வயலில் குழாய் இறங்க வேண்டும். இன்னொன்று, இந்த மானியம் குழாய் போட்ட நிறுவனத்துக்குப் போகிற பணம், உங்கள் கைக்கு வருவதில்லை. அப்படியிருக்க நீங்கள் எதை எடுத்துக்கொள்வது?

என் தாய்மாமா இப்படித்தான் ஏமாந்தார். கறவை மாட்டை விற்று சித்திரையில் குழாய் போட்டுவிட்டு, ஆடியில் ரசீதைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார், ஆனால் விதியில் இடமில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அந்த மாடு போனதை அத்தை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார்.

சரி, 100 சதவீதம் என்பது என்ன? மத்தியத் திட்டத்தின் விதிப்படி சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதம், மற்றவர்களுக்கு 45. அதற்கு மேல் தமிழக அரசு சேர்த்துப் போடுவதால்தான் இங்கே சிறு, குறு விவசாயிக்கு 5 ஏக்கர் வரை 100, மற்றவர்களுக்கு 75 என்று ஆகிறது. அந்த 100 கூட அரசு நிர்ணயித்த விலைக்குள்தான். பயிர் இடைவெளியைப் பொறுத்து அந்த விலை மாறும், தென்னைக்கு ஏக்கருக்குக் குழாய் குறைவு, மிளகாய்க்கு அதிகம். நிர்ணயித்ததற்கு மேல் நீங்கள் கேட்டு வாங்குகிற பொருளுக்கு மட்டும் உங்கள் கைப்பணம். வேறு எதற்காவது பணம் கேட்டால், எதற்கென்று காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் பட்டாவில்தான் இருக்கிறது. வாய்ப்பேச்சுப் பிரிவினை அண்ணன் தம்பிக்குள் செல்லும், சிட்டாவில் ஏறாது. மூன்று பேரும் உட்கார்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவுசெய்து, உட்பிரிவுக்கு மனு கொடுத்து, சர்வேயர் அளந்து தனிப் பட்டா வாங்கிவிடுவது நல்லது. கிணற்றிலும் மோட்டாரிலும் யாருக்கு எத்தனை பங்கு என்பதை அந்தப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். இன்றைக்கு ஒற்றுமையாக இருக்கிற அண்ணன் தம்பிதான், ஆனால் கோடையில் தண்ணீர் கீழே போகும்போது முறை வைப்பதில்தான் பேச்சு முற்றும். பட்டா வரும்வரை உடன்பிறந்தவர்களின் சம்மதக் கடிதத்தை ஏற்பார்களா என்று வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். தக்காளி, மிளகாய் என்பதால் அந்த அலுவலகம். தென்னை, கரும்பு, நிலக்கடலை வைப்பவர்கள் வேளாண் துறைக்குப் போக வேண்டும்.

சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், ரேஷன் கார்டு, மண்–நீர் பரிசோதனை முடிவு, தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று இவற்றைச் சேர்த்துவையுங்கள். புஞ்சை 5 ஏக்கர், நஞ்சை என்றால் இரண்டரை ஏக்கர் வரை அந்தச் சான்று கிடைக்கும், அதனால் உங்கள் பங்குக்குத் தடை இல்லை.

குழாய் போடுகிற அன்று வயலை விட்டு நகராதீர்கள். விலைப்புள்ளிக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஃபில்டர், வால்வு, பக்கவாட்டுக் குழாய் எத்தனை மீட்டர் என்று எண்ணிச் சரிபாருங்கள். அப்புறம் மோட்டாரை ஓடவிட்டு, வரப்போரத்தில் முதல் சொட்டுவானுக்கு (குழாயில் தண்ணீர் சொட்டுகிற முனை) கீழே ஒரு டப்பா, கடைக்கோடிச் செடியில் இன்னொரு டப்பா. மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் என்றால் கால் மணி நேரத்தில் 1 லிட்டர் விழ வேண்டும். கடைசி டப்பாவில் பாதிதான் இருக்கிறது என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்கள் வண்டியேறிவிட்டால் திரும்ப வரவைப்பது எவ்வளவு பாடு என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயில் வண்டல் அள்ள அனுமதி வாங்கக் கலெக்டர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டுமா? காசு கட்ட வேண்டுமா?
– வாசகர், இளையான்குடி

பதில்: வேண்டாம். 2024 முதல் தாசில்தாரே அனுமதி கொடுக்கிறார், இ-சேவை மூலம் மனுப் போடலாம். மண்ணுக்குக் காசு இல்லை. அள்ளுவதும் வண்டி வாடகையும் உங்கள் செலவு. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. கண்மாய் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அள்ளுவதற்கு முன் ஒரு பிடி வண்டலை வெயிலில் காயவையுங்கள். மேலே வெள்ளையாகப் பூத்தால் உப்பு இருக்கலாம், மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்காமல் ஒரு வண்டிகூட இறக்காதீர்கள். நல்ல வண்டல் மணலான நிலத்துக்கு வரம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். உங்கள் நிலம் ஏற்கெனவே கரிசல் என்றால் இந்தச் செலவு தேவையில்லை, அந்தப் பணத்தில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூப்பதற்குள் மடக்கி உழுங்கள்.

கேள்வி: வரப்பில் மரம் வைக்கக் கன்று இலவசம் என்று சொல்கிறார்களே, உண்மையா?
– வாசகி, ஆலங்குடி

பதில்: உண்மைதான் அம்மா. விளைநிலங்களில் மரம் வளர்க்க 2021-22ல் தொடங்கிய திட்டம் அது. வனத்துறை நாற்றங்காலிலிருந்து கன்று கிடைக்கும், உழவன் செயலியில் பதியலாம். இரண்டாம் ஆண்டிலிருந்து உயிரோடு நிற்கிற கன்றுக்கு ஆண்டுக்கு ₹7 வீதம் மூன்று ஆண்டு ஊக்கத்தொகையும் அந்தத் திட்டத்தில் உண்டு. ஆனால் நட்ட முதல் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று பார்த்து அதற்கேற்றபடி கேளுங்கள். இருநூறு கன்று வாங்கி முப்பது பிழைப்பதைவிட ஐம்பது வாங்கி ஐம்பதையும் ஆடு கடிக்காமல் முள் கட்டிக் காப்பாற்றுவது மேல். கிணற்றுப் பக்க வரப்பில் மட்டும் வைக்க வேண்டாம், வேர் கிணற்றுச் சுவரைப் பிளந்துவிடும்.