கணினி கேள்வி பதில்: ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமல் அளப்பது எப்படி?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: சர்வரில் நிரல் மந்தமாகிவிட்டது, கையில் இருப்பதோ எஸ்எஸ்ஹெச் வழியே வரும் கறுப்புத் திரை மட்டும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து முக்கியமான இடங்களில் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி (வாசகர், ஈசூன்): எங்கள் கிடங்கின் சரக்குக் கணக்கு நிரல் சி பிளஸ் பிளஸில் எழுதியது, உபுண்டு சர்வரில் ஓடுகிறது. காலையில் ஒழுங்காக இருக்கிறது. மதியம் ஆனால் ஒரு கோர் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொள்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. எந்த ஃபங்ஷன் நேரத்தை விழுங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ரீஸ்டார்ட் செய்தால் தடயமும் கூடவே போய்விடும். அடுத்த முறை, அதற்கு முன் ஒரே ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

முதலில் 'டாப் -ஹெச் -பி 4127' (ஹெச் பெரிய எழுத்து, பி சிறியது, 4127 இருக்கும் இடத்தில் உங்கள் ப்ராசஸ் எண்). எந்த த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) சிபியுவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அது காட்டும். ஒரு த்ரெட் உண்மையிலேயே 100ஐத் தொட்டால், நேரம் எங்கே செலவாகிறது என்று பதிவு செய்யும் லினக்ஸின் பெர்ஃப் உங்களுக்கான கருவி:

சுடோ பெர்ஃப் ரெக்கார்டு -எஃப் 99 -பி 4127 -ஜி -ஓ மதியம்.டேட்டா -- ஸ்லீப் 30

எஃப் மட்டும் பெரிய எழுத்து. 'ஸ்லீப் 30' உங்கள் நிரலைத் தூங்க வைக்காது. 30 வினாடி ஓடி முடியும் கடிகாரம், அவ்வளவுதான். நிரல் எந்த இடத்தில் ஓடுகிறது என்று வினாடிக்கு எத்தனை முறை எட்டிப் பார்ப்பது என்பதே அந்த 99; ஒவ்வொரு பார்வையும் ஒரு சாம்பிள். 100 என்று வைக்காமல் 99 என்று வைப்பதற்குக் காரணம் உண்டு. நிரலிலோ கெர்னலிலோ (இயங்குதளத்தின் மையப்பகுதி) 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை நடக்கும் வேலை ஏதாவது இருந்தால், 100 வைக்கும்போது ஒவ்வொரு சாம்பிளும் அதோடு ஒரே தாளத்தில் விழும். அந்த வேலையே எல்லா நேரத்தையும் தின்பதுபோலவோ, அடியோடு இல்லாததுபோலவோ தெரியும்.

கோப்புக்குப் பெயர் தராவிட்டால் 'பெர்ஃப்.டேட்டா' என்று எழுதும். பழையது 'பெர்ஃப்.டேட்டா.ஓல்டு' ஆகும், மூன்றாம் முறை எடுத்தால் முதலாவது போயே போச்சு. நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் கன்ட்ரோல்-சி போதும். பெர்ஃபை 'கில் -9' கொண்டு அடித்தால் கோப்பின் தலைப்பகுதி நிரம்பாது, அது பிறகு பயன்படாது.

படிப்பதற்கு 'பெர்ஃப் ரிப்போர்ட் --எஸ்டிடிஐஓ -ஐ மதியம்.டேட்டா'. இரண்டு சதவீதப் பத்திகள் வரும். 'சில்ட்ரன்' என்பது ஒரு ஃபங்ஷனும் அது அழைத்தவையும் சேர்ந்த நேரம். 'செல்ஃப்' அதன் சொந்த நேரம். 'மெயின்' 98 சதவீதம் என்று பார்த்துவிட்டுப் பதறுபவர்கள் பலர். எல்லாமே மெயினுக்குள்தானே நடக்கிறது! '--நோ-சில்ட்ரன்' சேர்த்தால் செல்ஃப் வரிசையில் அடுக்கித் தரும்; அங்கிருந்து தொடங்குங்கள். முழுவேகத்தில் ஓடும் ஒரு த்ரெட்டுக்கு 30 வினாடியில் அதிகபட்சம் 2,970 சாம்பிள்தான் கிடைக்கும். ஒரு சதவீதம் என்றால் ஏறத்தாழ 30 சாம்பிள். அந்த அளவில் இருப்பதைத் துரத்த வேண்டாம், அடுத்த முறை எடுத்தால் எண் மாறியிருக்கும்.

பெயர்களுக்குப் பதில் 'அன்நோன்' என்று வரிசையாக வந்தால் இரண்டில் ஒன்று. நிரலிலிருந்து சிம்பல்களை (ஃபங்ஷன் பெயர்களின் பட்டியல்) நீக்கியிருப்பார்கள், அல்லது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று பின்தொடர உதவும் ஃப்ரேம் பாயின்டரைக் கம்பைலர் தவிர்த்திருக்கும். உபுண்டு 24.04இல் அதன் சொந்த பேக்கேஜ்கள் ஃப்ரேம் பாயின்டரோடு வருகின்றன. நீங்கள் கட்டும் நிரலுக்கு அது பொருந்தாது. '-ஜி', '-எஃப்நோ-ஒமிட்-ஃப்ரேம்-பாயின்டர்' (இரண்டுமே சிறிய எழுத்து) கம்பைலர் கட்டளையில் சேர்த்து மறுபடி கட்டுவதே சுத்தமான வழி.

மறுபடி கட்ட முடியாவிட்டால், பெர்ஃப் கட்டளையில் உள்ள '-ஜி' இடத்தில் '--கால்-கிராஃப் டுவார்ஃப்' போடலாம். இது ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஸ்டாக்கிலிருந்து (ஓடும் ஃபங்ஷன்கள் தற்காலிகத் தகவலை வைக்கும் நினைவகப் பகுதி) 8,192 பைட்டை அப்படியே நகலெடுக்கும். ஒரு த்ரெட்டுக்கு 30 வினாடியில் சுமார் 24 எம்பி. எட்டு த்ரெட் முழுவேகத்தில் இருந்தால் 190 எம்பியைத் தாண்டும். டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொண்டு எடுங்கள். நகலாவது நினைவகத்தின் உண்மையான உள்ளடக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த நொடியில் ஸ்டாக்கில் வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண் இருந்தால் அதுவும் கோப்பில் இருக்கும். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் சிங்கப்பூரில், இந்தக் கோப்பை மென்பொருள் விற்பனையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பது நல்லதல்ல. அறிக்கையை எழுத்தாக எடுத்து அதை மட்டும் அனுப்புங்கள்.

இன்னும் இரண்டு சிக்கல்கள். கெர்னல் அப்டேட் ஆன பிறகு 'இந்தக் கெர்னலுக்கு பெர்ஃப் இல்லை' என்று எச்சரிக்கை வந்தால், 'லினக்ஸ்-டூல்ஸ்' பேக்கேஜ் பழைய கெர்னலுக்கானது. 'யுநேம் -ஆர்' (ஆர் சிறிய எழுத்து) காட்டும் பதிப்புக்குரியதை நிறுவுங்கள். சுடோ இல்லாமல் அனுமதி மறுக்கப்பட்டால் 'பெர்ஃப் ஈவென்ட் பாரனாய்டு' என்ற கெர்னல் அமைப்புதான் காரணம். கெர்னலின் இயல்பு மதிப்பு 2. உபுண்டு அதைவிட இறுக்கமாக வைத்திருக்கிறது. சிலர் அதை -1 ஆக்கி அப்படியே விட்டுவிடுகிறார்கள். சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எல்லாருக்கும் கதவைத் திறந்துவிடும் வேலை அது. கெர்னல் 5.8 முதல் இதற்கென்றே 'கேப் பெர்ஃப்மான்' என்ற தனி அனுமதி இருக்கிறது.

கேள்வி (வாசகி, தெம்பனீஸ்): பைத்தான் நிரல், டாக்கர் கன்டெய்னரில் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி). பெர்ஃப் போட்டால் 'பைஇவால்' என்று தொடங்கும் ஏதோ ஒரு பெயர்தான் எங்கும் வருகிறது. பைத்தானுக்கான அளவுக் கருவி பை-ஸ்பை போட்டால் 'பெர்மிஷன் டினைடு'.

பதில்: பெர்ஃப் பார்ப்பது பைத்தானை ஓட்டும் சி நிரலை, உங்கள் பைத்தான் வரிகளை அல்ல. பைத்தான் 3.12 முதல் பெர்ஃபுக்குப் பெயர்களைத் தரும் வசதி உண்டு என்றாலும், அதைத் தொடங்கும்போதே போட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடும் நிரலுக்கு உதவாது. பை-ஸ்பையை நாடியது சரிதான்.

அனுமதிச் சிக்கல் எங்கிருந்து வருகிறது? பை-ஸ்பை வேறொரு ப்ராசஸின் நினைவகத்தைப் படிக்கிறது. அதற்கு வேண்டிய 'சிஸ் பிட்ரேஸ்' அனுமதியை டாக்கர் இயல்பாகத் தருவதில்லை. '--கேப்-ஆட்' மூலம் தரலாம், ஆனால் கன்டெய்னரைப் புதிதாக உருவாக்க வேண்டும். மந்தமான நிரலும் அதோடு போய்விடும். ஆகவே கன்டெய்னருக்கு வெளியே, ஹோஸ்டில் இருந்து சுடோவோடு ஓட்டுங்கள். கன்டெய்னருக்குள் 1 என்று தெரியும் ப்ராசஸ் வெளியே 20518 போல வேறு எண்ணில் இருக்கும். 'டாக்கர் டாப்' அதைச் சொல்லும்.

சுடோ பை-ஸ்பை ரெக்கார்டு -ஓ படம்.எஸ்விஜி --பிஐடி 20518 --டுரேஷன் 30

கிடைக்கும் ஃப்ளேம் கிராஃபை (ஃபங்ஷன்களை அடுக்கடுக்கான பட்டைகளாகக் காட்டும் படம்) எந்த பிரவுசரிலும் திறக்கலாம். அதில் அகலம்தான் நேரம்; இடமிருந்து வலமாகக் கால வரிசை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே நிரலைப் பல ப்ராசஸ்களாக ஓட்டும் கனிகார்ன் போன்ற பல வொர்க்கர் அமைப்பு என்றால் தாய் ப்ராசஸின் எண்ணோடு '--சப்ப்ராசஸஸ்' சேருங்கள். சேர்க்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும் மேலாளரைத்தான் அளப்பீர்கள். பை-ஸ்பை ஒவ்வொரு சாம்பிளுக்கும் நிரலைக் கண நேரம் நிறுத்துகிறது. அதுவும் கூடாது என்றால் '--நான்பிளாக்கிங்'. சில சாம்பிள்கள் பிழையாகும், பரவாயில்லை. டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும் நேரம் இயல்பாகப் படத்தில் வராது. '--ஐடில்' சேர்த்தால் வரும்.

கேள்வி (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், உட்லண்ட்ஸ்): சிபியு 3 சதவீதம்தான். ஆனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 8 வினாடி ஆகிறது. பெர்ஃப் கோப்பு கிட்டத்தட்ட காலி. பெர்ஃப் பழுதா?

பதில்: பெர்ஃப் சரியாகத்தான் சொல்கிறது. உங்கள் நிரல் வேலை செய்யவில்லை, காத்திருக்கிறது. மேலே சொன்ன முறையில் சிபியுவில் ஓடும் நேரம் மட்டுமே பதிவாகும். லாக்கிலோ நெட்வொர்க்கிலோ நிற்கும் த்ரெட் அதன் கண்ணில் படாது. இங்கே உதவுவது ஸ்டாக் டம்ப், அதாவது ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணத்தில் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல். பைத்தான் என்றால் 'பை-ஸ்பை டம்ப் --பிஐடி', ஜாவா என்றால் 'ஜேகமாண்டு' (தட்ட வேண்டியது jcmd) எண் 'த்ரெட்.பிரின்ட்'. 5 வினாடி இடைவெளியில் மூன்று எடுங்கள். மூன்றிலும் ஒரே த்ரெட் ஒரே வரியில் நின்றால் ஆள் அகப்பட்டான்.

சி நிரலுக்கு ஜிடிபி என்ற பிழைதேடும் கருவி கொண்டும் இதைச் செய்யலாம், ஆனால் அது பிடித்திருக்கும்வரை நிரல் முழுவதும் நின்றுவிடும். பெரிய நிரலில் சிம்பல்களை ஏற்றவே பல வினாடி ஆகலாம்; அதற்குள் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சர் 'இந்த சர்வர் செத்துவிட்டது' என்று முடிவுகட்டிவிடும். 'எஸ்ட்ரேஸ்' ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் (நிரல் கெர்னலிடம் கேட்கும் உதவி) நிரலை நிறுத்துவதால் இன்னும் மோசம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மட்டும் அதைத் தொடுங்கள்.

கேள்வி (வாசகர், ஜூரோங்): ஜாவா 17. ஜாவாவின் பதிவுக் கருவியான ஜேஎஃப்ஆரைத் தொடங்க 'ஜேஎஃப்ஆர்.ஸ்டார்ட்' கொடுத்தேன், உடனே முடிந்துவிட்டது, கோப்பைக் காணோம்.

பதில்: முடியவில்லை, பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. 'ஜேகமாண்டு 3310 ஜேஎஃப்ஆர்.ஸ்டார்ட் டுரேஷன்=120எஸ் செட்டிங்ஸ்=ப்ரொஃபைல் ஃபைல்நேம்=...' என்று கொடுத்ததும் ஜேகமாண்டு உத்தரவைச் சேர்ப்பித்துவிட்டுத் திரும்பிவிடும். 'ஜேஎஃப்ஆர்.செக்' போட்டால் நிலவரம் தெரியும். இரண்டு நிமிடம் ஆன பிறகு தேடுங்கள். கோப்பை எழுதுவது ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்), நீங்கள் அல்ல. ஆகவே முழுப் பாதையைக் கொடுங்கள், அந்த இடத்தில் ஜேவிஎம் ஓடும் பயனருக்கு எழுத அனுமதி இருக்க வேண்டும். கன்டெய்னர் என்றால் கோப்பு அதற்குள்தான் இருக்கும். ஜேகமாண்டையும் அதே பயனராக ஓட்டுவது நல்லது. பயனர் மாறினால் இணைப்பே கிடைக்காமல் போகலாம்.

'ப்ரொஃபைல்' அமைப்பு 10 மில்லிவினாடிக்கு ஒரு சாம்பிள், இயல்பு அமைப்பு 20க்கு ஒன்று. வாரக்கணக்கில் ஓடவிட இயல்பு அமைப்பே போதும். படிக்க 'ஜேஎஃப்ஆர் சம்மரி'யில் தொடங்கி, பிறகு 'எக்ஸிகியூஷன் சாம்பிள்', 'ஜாவா மானிட்டர் என்டர்' நிகழ்வுகளைப் பாருங்கள். இரண்டாவது, லாக்கில் நின்ற நேரத்தைக் காட்டும். கோப்பில் என்விரான்மென்ட் வேரியபிள்களும் பதிவாகின்றன, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அங்கே வைத்திருந்தால் அதுவும் உள்ளே. ஜாவா 19 முதல் உள்ள 'ஜேஎஃப்ஆர் ஸ்க்ரப்' அத்தகைய நிகழ்வுகளை நீக்கித் தரும்.

கேள்வி (வாசகி, பொங்கோல்): டாட்நெட் 8க்கு இதுபோல உண்டா?

பதில்: உண்டு. 'டாட்நெட்-ட்ரேஸ் பிஎஸ்' ப்ராசஸ் எண்களைக் காட்டும். 'டாட்நெட்-ட்ரேஸ் கலெக்ட் -பி எண் --டுரேஷன் 00:00:00:30' பதிவு செய்யும். லினக்ஸிலும் விண்டோஸிலும் ஒரே கட்டளை. பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்குக்கு மட்டும் ஆகாது. லினக்ஸில் நிரலுக்கும் கருவிக்கும் ஒரே தற்காலிக ஃபோல்டர் அமைந்திருக்க வேண்டும், இல்லையேல் பட்டியலிலேயே வராது. 30 வினாடி முடிந்ததும் உடனே நிற்காமல் சிறிது நேரம் இழுக்கும். மெத்தட்களின் பெயர்கள் எழுதப்படுவது அப்போதுதான். பொறுமை இழந்து அதைக் கொன்றுவிட்டால், கோப்பில் மிஞ்சுவது பெயரில்லாத முகவரிகள்.