பூச்சி எண்ணும் வேலை

அண்ணனுக்கு வணக்கம்.

எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்புக்கு ஃபீல்டு அசிஸ்டென்ட் வேலை வந்திருக்கிறது. செப்டம்பரிலிருந்து ஆறு மாதம். அப்பா, “பூச்சி எண்ணுறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?” என்கிறார். எழுத வருவதற்கு முன் நீங்களும் இந்த வேலை பார்த்ததாக ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். அபூர்வமான இனம் எதையாவது கண்டுபிடித்தால்தான் இதற்கு மதிப்பா? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

பெயர் வெளியிட வேண்டாம்,
தென்காசி

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா சொல்வதில் தப்பில்லை, அது பூச்சி எண்ணும் வேலைதான். மேட்டுப்பாளையம் பக்கம் கல்லாற்றை ஒட்டி இரண்டு பருவம் நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரே பாதையில் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எழுத வேண்டும். தென்னிந்தியாவிலேயே பெரிய பட்டாம்பூச்சி, கறுப்பும் பொன்மஞ்சளுமாகத் தலைக்கு மேலே மரக்கிளைகளுக்கு இடையில் மிதந்து போகும். பெட்டிக்குள் இறங்காவிட்டால் அது கணக்கில் இல்லை. முதல் மாதம் எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது.

இந்த முறையை 1970களில் இங்கிலாந்தில் வகுத்தவர் எர்னி பொலார்ட். 1976இல் அங்கே தொடங்கிய கணக்கெடுப்பு இன்றைக்கும் நடக்கிறது. அங்கே எந்த இனம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று இன்று சொல்ல முடிவது, ஒரே பாதையில் வாராவாரம் அலுப்பில்லாமல் நடந்தவர்களால்தான். அவர்களில் பெரும்பாலானோர் அபூர்வமாக எதையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. அபூர்வ இனத்தைப் பார்ப்பது அதிர்ஷ்டம். சம்பளம் தருவது ‘பூஜ்யம்’ எழுதுவதற்கு. மேகம் மூடிய காலையில் ஒரு கிலோமீட்டர் நடந்து ஒன்றும் இல்லாமல் திரும்பும்போது கை துறுதுறுக்கும். நான் ஒருமுறை, போன வாரம் பார்த்த இடம்தானே என்று இரண்டு சின்ன நீலப் பூச்சிகளைச் சேர்த்து எழுதிவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை. காலையில் அடித்துவிட்டு, அடித்ததற்குக் காரணத்தையும் பக்கத்தில் எழுதினேன். ஆய்வாளர் அதைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இன்னொன்று. பாதையில் யானை நின்றால் திரும்பிவிட வேண்டியதுதான். ஆனால் அன்றைக்குப் பூஜ்யம் போடக் கூடாது, ‘நடக்கவில்லை’ என்று எழுத வேண்டும். போய்ப் பார்த்து இல்லாமல் இருப்பதும், போகாமலே இருப்பதும் ஒன்றல்ல. இது மண்டையில் ஏற எனக்கு ஒரு பருவம் ஆனது.

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்கிறேன். அந்தி நேரத்தில் பறக்கும் பழுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று உண்டு, புழு புல்லையும் நெல்லையும் தின்னும். மழைக்காலத்தில் அதன் இறக்கையின் அடிப்பக்கம் கண் கண்ணாகப் புள்ளிகள் இருக்கும். மழையில்லாத மாதங்களில் அதே இனம் புள்ளிகள் மங்கி, காய்ந்த சருகு போலப் பிறக்கும். நான் பிப்ரவரியில் சருகைப் பார்த்துவிட்டு, ‘புதிய இனம்’ என்று இரண்டு கோடு போட்டு எழுதினேன். கூட வந்த வாட்ச்சர், “மழைக்கு வந்த பாப்பாத்திப் பூச்சிதான் சார், வேட்டி மாத்திக்கிட்டு வந்திருக்கு” என்றார். சரியாகத்தான் சொன்னார்.

அவரைப் போன்ற ஒருவர் உங்களுக்கும் வாய்த்தால் செடிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. எருக்கு இருந்தால் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி இருக்கும். ஆவாரையும் கொன்றையும் துளிர்த்தால் எலுமிச்சை நிறப் பூச்சிகள் வரும். காய்ந்த கிலுகிலுப்பைச் செடியில் நீல வரியன் பட்டாம்பூச்சிகள் மொய்த்துக் கீறிக்கொண்டிருந்தால் தேனுக்கென்று நினைக்காதீர்கள். ஆண்கள், பெண்களைக் கவரும் வாசனைக்கு அதிலிருந்து சரக்கு எடுக்கின்றன.

இந்த நீல வரியன்கள் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கு இறங்கும், வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் திரும்பி மலைக்குப் போகும். கறுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்தவையும் கூடவே போகும். நீங்கள் சேரும் பருவம் நல்ல பருவம். அக்டோபரில் வெயில் அடிக்கிற ஒரு காலையில் ஆற்று ஓரமாகப் போய் நில்லுங்கள். ஒரே திசையில், ஓசையே இல்லாமல், போய்க்கொண்டே இருக்கும். ஈர மணலில் உப்புக்காக உட்கார்ந்தவற்றை எண்ணுவதற்குள் உங்கள் வியர்த்த காலுறையிலும் நாலு உட்கார்ந்திருக்கும். யானை மூத்திரம் காய்ந்த இடத்தில் இன்னும் அதிகம். அழகான படங்களில் இந்த நாற்றம் வராது.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் என்றால் அட்டை உண்டு. ஆறு மாதம் முடிந்தால் வேலையும் முடிந்தது, அடுத்த பருவத்துக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். சம்பளம், தங்குமிடம், அடிபட்டால் யார் பொறுப்பு, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எனக்கு ஒரு பருவத்தின் கடைசி இரண்டு மாதச் சம்பளம் தீபாவளி, பொங்கல் எல்லாம் தாண்டித்தான் வந்தது. வனத்துறை அனுமதி ஆய்வுக்குழுவிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காட்டுக்குள் கால் வையுங்கள். வலை வீசுவதாக இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அப்புறம், அப்பா. வாக்குவாதம் வேண்டாம். வீட்டில் கறிவேப்பிலை மரம் இருக்கும் இல்லையா? இலையின் மேல் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதைத் தேடுங்கள். அசைந்தால் அது புழு. மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் ஒரு கொத்தோடு வையுங்கள். தினமும் புது இலை போட வேண்டும், புழு போட்ட எச்சத்தைத் தட்டிவிட வேண்டும். நடுவில் அது பச்சை நிறத்துக்கு மாறும், பிறகு கூட்டுப்புழுவாகும். அதற்குள் நீங்கள் வேலையில் சேரும் தேதி வந்துவிட்டால் டப்பாவை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.