ஏப்ரலுக்கு அப்புறம் டேக் வரலைன்னா மீன் போயிருச்சுன்னு அர்த்தமில்ல

தம்பி, தொண்டி பக்கம் நாக்கு மீனுக்கு டேக் (மீனைப் பிடிக்கிறவங்க பார்த்துத் திருப்பிக் கொடுக்குற அடையாளத் துண்டு) போட்டு விட்டேன், ஏப்ரல் பாதிலருந்து ஒண்ணுகூட திரும்பி வரல, மீன் ஆழத்துக்குப் போயிருச்சான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்பட்டு அப்படி எழுதிடாதீங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை, மண்ணுல புதைஞ்சு கிடக்குற மீனைப் பெரும்பாலும் அள்ளிட்டு வர்றதே விசைப்படகு இழுத்துட்டுப் போற வலையான இழுவை மடிதான், மடி கடலுக்குப் போகலைன்னா டேக் எப்படி வரும்? மாசாமாசம் எத்தனை படகு எத்தனை மணி நேரம் இழுத்துச்சுன்னு குறிச்சு, அந்த மாசம் திரும்பி வந்த டேக் எண்ணிக்கையை அந்த நேரத்தால வகுத்துப் பாருங்க. இன்னொண்ணு, இந்த மீன் உடம்பு தகடு மாதிரி, குத்தி விடுற டேக் சதையைக் கிழிச்சுட்டு உதிர்ந்துரலாம், ரெண்டு பக்கமும் வட்டு வச்சு கம்பியில கோக்குற பீட்டர்சன் டேக் போடுங்க. அப்புறம் கரையில மீன் பிரிக்கிற அக்காமார்கிட்ட ஒரு டேக்கைக் கையில கொடுத்தே காட்டுங்க, அவங்க கண்ணுலதான் முதல்ல படும்.