புது ரவுட்டர் வாங்க ஓடுவதற்கு முன்னம்: நெட் ஸ்லோ கேள்விகள்

திருகோணமலைப் பக்கமிருந்து வந்து கிடந்த கேள்விகளை ஒரே மூச்சில் வாசித்தேன். எங்கே தொடங்கினாலும் "என்ன ரவுட்டர் வாங்கலாம்?" என்றுதான் முடிக்கிறீர்கள். வாங்குவது கடைசி வேலை. முதலில் ஒரு லான் வயரை எடுத்து, கம்பியூட்டரை ரவுட்டரோடு நேரே கொழுவி, வைஃபையை நிறுத்திவிட்டு ஒரு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். வயரில் பறந்து வைஃபையில் தவழ்ந்தால் வருத்தம் வீட்டுக்குள். வயரிலும் தவழ்ந்தால் லைனில், அல்லது அந்தக் கம்பியூட்டரில்.

உப்புவெளியிலிருந்து: ரவுட்டர் முன் ஹோலில், என் மேசை பின்னறையில். ஏப்ரல் வரைக்கும் சோலி இல்லை. மே பிறந்தால் வைஃபை நகராது, வயரில் மட்டும் நன்றாக ஓடும். இது என்ன மாயம்?

மாயம் இல்லை, சீசன். உங்கள் மதிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கெஸ்ட் ஹவுஸ்தானே? வெள்ளைக்காரர் வரத் தொடங்கினால் அறைக்கு இரண்டு மூன்று போன், அதில் பலதும் 2.4 கிகாஹேர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையில். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று முட்டாத சனல் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. திருவிழா நாளில் கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஓட்டோ மாட்டுப்பட்ட மாதிரி, எல்லாரும் ஒரே பாதையில் நிற்கிறீர்கள். போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு எந்த சனலில் கூட்டம் குறைவு என்று பாருங்கள், ரவுட்டர் செட்டிங்கில் அதற்கு மாற்றுங்கள். 3, 4 என்று இடையில் உள்ளதைத் தெரிவு செய்ய வேண்டாம், அப்போது இரண்டு பக்கத்து இரைச்சலும் உங்களுக்குத்தான்.

அதைவிட நல்லது 5 கிகாஹேர்ட்ஸுக்குப் போவது. அங்கே சனலும் கூட, வேகமும் கூட. ஆனால் சுவரைக் கண்டால் அதற்குப் பயம், பழைய வீட்டுத் தடித்த சுவர் இரண்டைத் தாண்டினாலே சோர்ந்துவிடும். அதனால் ரவுட்டரை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், ஆள் உயரத்தில் வையுங்கள். இரும்பு அலுமாரிக்குள் பூட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள் (என் தாய்மாமன் வீட்டில் பிள்ளைகள் கை வைப்பார்கள் என்று அப்படித்தான் இருந்தது, நான் போய்க் கதவைத் திறந்து வைத்ததுதான் அன்று செய்த முழு ரிப்பேர்). கடைசியில் ஒன்றும் சரிவராவிட்டால், மேசைக் கம்பியூட்டர் நடக்கப் போவதில்லைதானே, பின்னறை வரை ஒரு லான் வயர் இழுத்துவிடுங்கள்.

உவர்மலையிலிருந்து: 100 எம்பிபிஎஸ் பெக்கேஜ் எடுத்தேன். ஒரு படம் இறக்கினால் 11, 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. பெக்கேஜில் சொல்வது மெகாபிட், கம்பியூட்டர் காட்டுவது மெகாபைட். 8 பிட் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்கு முழுசாகவே வருகிறது, சந்தோஷமாக இருங்கள்.

பாலையூற்றிலிருந்து: எங்களுக்கு இன்னும் பழைய டெலிபோன் கம்பி லைன்தான். மாரி மழை தொடங்கினால் நெட் விட்டு விட்டு வருகிறது, வெயில் எறித்தால் சரி.

ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். டயல் டோனுக்குப் பின்னால் கரகர என்று கேட்கிறதா? அப்படியென்றால் எங்கோ ஒரு இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது. கடற்காற்றில் செப்புக் கம்பி பச்சை பிடித்துப் போகும் ஊர் இது, மழை அதன் மேல் வந்து விழுகிறது. வீட்டுக்குள் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: சுவர்ப் பெட்டிக்குள் கம்பி முனைகளைப் பாருங்கள், ஒவ்வொரு டெலிபோனும் ஃபில்டர் (பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) வழியாகப் போகிறதா என்று பாருங்கள். அப்புறம் முறைப்பாடு கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாமல் "லைனில் இரைச்சல் கேட்கிறது" என்றும் சொல்லுங்கள். ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்லிவிட்டு அவர்கள் போனை வைக்காமல், கம்பியைப் பார்க்க ஆள் அனுப்ப அது உதவும்.

கிண்ணியாவிலிருந்து: 4ஜி ரவுட்டர். விடியப்புறம் நல்ல வேகம், இரவு ஏழு மணிக்குப் பிறகு யூடியூப்கூடச் சுற்றுகிறது.

டவர் ஒன்று, அதைப் பங்கு போடுகிறவர்கள் ஊரே. மாலையில் எல்லாரும் வீட்டில். இதை நீங்கள் முழுதாகத் தீர்க்க முடியாது, ஆனால் உங்கள் பங்கைக் கூட்டலாம். ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்தால் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் இருக்கும், டவர் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று சொல்வது அது. மைனஸ் 80-க்குக் கிட்ட இருந்தால் நல்லது, மைனஸ் 110-க்குப் போனால் மோசம். ரவுட்டரை ஒவ்வொரு ஜன்னலாக வைத்து அந்த எண்ணைக் குறித்துப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். பெரிய டவுன்லோட் எல்லாம் சுபஹுக்கு எழும்பும் நேரத்தில் போட்டுவிடுங்கள்.

அன்புவழிபுரத்திலிருந்து: அதே அறையில் போன் பறக்கிறது, கம்பியூட்டர் மட்டும் ஊர்கிறது.

அப்படியென்றால் லைனையும் ரவுட்டரையும் திட்டாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நெட்வேர்க் என்ற தலைப்பில் ஒரு தட்டு. யார் சாப்பிடுகிறார் என்று மேலே வரும். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட், அல்லது படங்களை இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் ஒன்ட்ரைவ் (மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பு). யாரும் சாப்பிடவில்லை, ஆனால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் அது நெட் பிரச்சினையே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்குகிறது, அதற்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போடுங்கள். யூஎஸ்பி வைஃபை டொங்கிள் பாவிக்கிறீர்களா? மலிவானவை 2.4-இல் மட்டும்தான் பேசும், சிபியூவுக்குப் பின்னால் சுவரோரம் செருகினால் அதுவும் பேசாது.

நகரிலிருந்து ஓர் ஐயா: ஸ்பீட் டெஸ்டில் 50 காட்டுகிறது. டொரொன்டோவில் உள்ள மகளோடு வீடியோவில் பேசினால் உடைந்து உடைந்து வருகிறது.

ஐயா, இரண்டு விஷயம். டொரொன்டோ ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். ஃபைபரில் வெளிச்சம் செக்கனுக்கு 2 இலட்சம் கிலோமீற்றர் அளவில் ஓடும், ஆகவே நேர்க்கோட்டில் போய் வந்தாலே 140 மில்லி செக்கன். கேபிள் நேர்க்கோட்டில் போகாது, எனவே அதைவிடக் கூடும். அந்தச் சிறு தாமதத்தை எந்த ரவுட்டரும் குறைக்காது.

ஆனால் உடைவது வேறு. அந்த 50 டவுன்லோட், உங்கள் முகம் போவது அப்லோடில். வாசலில் போட்டிருக்கும் சிசிடிவி கேமரா இணையத்துக்குப் பதிவை ஏற்றிக்கொண்டே இருந்தால் அந்தச் சின்னக் குழாய் நிரம்பிவிடும், நிரம்பினால் வருகிற பக்கமும் சேர்ந்து தடுமாறும். மகள் எடுக்கும் நேரத்தில் கேமராவின் நெட்டை ஒரு தடவை நிறுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள். உடையாவிட்டால், கேமரா பதிவை மெமரி கார்டுக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.