ரொம்ப ஓவர்!

கேள்வி: நடிப்பு 'ஓவர் தி டாப்' என்று விமர்சனத்தில் எழுதுகிறார்களே, ஓடிடிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (வாசகர், தேனி)

பதில்: ஓடிடி என்பதும் 'ஓவர் தி டாப்' என்பதன் சுருக்கம்தான். சொற்கள் ஒன்றுதான், அர்த்தம் வேறு. விமர்சனத்தில் வருவது, நாம் 'ரொம்ப ஓவர்' என்கிறோமே, அதுதான். காபி ஆறிப்போனதற்கு ஹோட்டலையே ரெண்டாக்கினால் அது ஓவர் தி டாப் ரியாக்‌ஷன். முதல் உலகப்போரில் பதுங்குகுழியின் விளிம்பைத் தாண்டி ஏறி எதிரியின் துப்பாக்கிக்கு நேராக ஓடுவதை பிரிட்டிஷ் சிப்பாய்கள் இப்படித்தான் சொன்னார்கள்; அப்புறம் பேச்சுவழக்கில் மிகையானதைக் குறிக்கவும் அந்தச் சொல் வந்துவிட்டது. பெரும்பாலும் குறையாகத்தான் சொல்வார்கள், ஆனால் கல்யாண மண்டப அலங்காரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னால் பாதி பாராட்டு. ஓடிடியில் மிகை எதுவும் இல்லை (சீரியல்களைச் சொல்லவில்லை). கேபிள், டிஷ் எதையும் சாராமல் இணையம் வழியாகவே வருவதால் அந்தப் பெயர். மேலதிகாரிக்கு எழுதும் மெயிலில் மட்டும் மிகையைச் சொல்ல 'ஓவர் தி டாப்' வேண்டாம், அங்கே 'எக்சசிவ்' போடுங்கள்.